தந்தி மொழியும் பொறிச் சட்டாம்பிள்ளையும்

பயனற்றவை என்று உலகம் மூலையில் ஒதுக்கிய பொருள்கள் இரண்டினை ஒன்று சேர்த்தால், அவற்றினின்றும் ஒரு நற்பயன் பிறத்தல் கூடும் என்பதே ஈண்டு நாம் சொல்லப் புகுந்தது. அவற்றுள் ஒன்று, மோர்ஸ் என்பார் பெயரால் வழங்கும் தந்திக் குறியீடு. மற்றொன்று, 1980-களில் வீட்டுக் கணிப்பொறி என்ற பெயருடன் உலகெங்கும் பரவிய சிறு யந்திரம். நம் நாட்டுத் தந்தி நிலையங்கள் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மூடப்பெற்றன. மோர்ஸ் ஓசை அவற்றில் அதற்கும் பல ஆண்டு முன்னரே அடங்கிவிட்டது. வீட்டுக் கணிப்பொறியையோ பழைய இரும்புக் கடைக்காரனும் எடைக்கு எடுக்கத் தயங்குகிறான். இவ்விரண்டையும் கொண்டு நம் கல்லூரி மாணவர்க்கு, இயலுமேல் ஆற்றுக்கு அப்பால் திருவானைக்காவலிலேயே, ஒரு வகுப்பு நடத்த வேண்டும் என்பது எமது வேண்டுகோள். நகைப்பவர் நகைக்கலாம், நகைத்த பின் நம் காரணங்களையும் கேட்டருள்க.

ஸாமுவேல் மோர்ஸ் 1844ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு விவிலியத்து எண்ணாகம வாக்கியமொன்றைக் கம்பி வழியே அனுப்பினார். (நம் நகரத்து அர்ச். சூசையப்பர் கல்லூரி நாகப்பட்டினத்தில் தோன்றியதும் அவ்வாண்டே. அது 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ள எளிது.) நம் தேசத்தில் ஓஷாக்நெஸி என்னும் வைத்தியர் கல்கத்தாவில் 1839லேயே கம்பி வழிச் செய்தியைச் சோதித்துப் பார்த்தார். 1854 முதல் பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அனுப்பலாயினர்.

தந்தி என்ற சொல்லை நாம் வீணையினின்றும் எடுத்துக் கம்பிக்குக் கொடுத்தோம். பின்னர் அது கம்பி வழி வரும் காகிதத்திற்கும் பெயராயிற்று. 1942இல் மதுரையில் தோன்றிய நாளிதழ் ஒன்றிற்கும் பெயராயிற்று. நம் பாட்டிமார்க்கோ அச்சொல் அச்சம் தருவது. 'தந்தி' என்று வாயிலில் குரல் கேட்ட மாத்திரத்தில், பிரித்துப் படிக்குமுன்னரே அழத் தொடங்கிய வீடுகள் பல. காகிதத்தைக் கண்டு அஞ்சினோமே யன்றி, அதனைக் கொணர்ந்த ஓசையை அறிந்தோமில்லை. அதனை அறிந்தவர் ஒரு சிறு கூட்டத்தார். அக்கூட்டத்தாருள் நம் ஊரார்க்குப் பெரும் பங்குண்டு. தென்னிந்திய இரயில்வேயின் தலைமை நிலையம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. அதன் தொழிற்சாலை பொன்மலையில் அமைந்தது. வண்டியை அடுத்த நிலையத்திற்கு விடுக்குமுன் 'லைன் கிளியர்' கேட்டுப் பெற வேண்டிய நிலைய அதிபர்க்குத் தந்திக் குறியீடு எழுத்தறிவினும் இன்றியமையாததாய் இருந்த காலம் உண்டு. திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் வீதிகளில் மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோருள் இரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர் பலர். அவர்களுள்ளும் சாவியைத் தட்டிய கை இனி ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும்.

நிற்க. மோர்ஸ் குறியீட்டைக் கற்பது எங்ஙனம்? புத்தகக் கடையில் விற்கும் படத்தை வாங்கி, ஏ என்பதற்கு ஒரு புள்ளி ஒரு கோடு, பி என்பதற்கு ஒரு கோடு மூன்று புள்ளி என்று உருப்போடுவதே பலர் கைக்கொள்ளும் வழி. அவ்வழியே அவர்களைக் கெடுப்பதும் ஆகும். என்னை? கண்ணால் கற்றவன் ஓசையைக் கேட்டவுடன் அதனை மனத்தில் புள்ளியும் கோடுமாக வரைகின்றான். வரைந்ததைப் படத்தோடு ஒப்பிடுகின்றான். பின்னரே எழுத்தைக் காண்கின்றான். நிமிஷத்திற்கு நான்கைந்து சொல் வரையில் இது செல்லும். அதற்கு மேல் ஓசை முந்திவிடும், அவன் பின்தங்குவான். மோர்ஸ் ஒரு லிபியன்று. அது செவிக்கென அமைந்த மொழி. மிருதங்கம் பயிலும் சிறுவன் தோலில் கை வைக்குமுன் சொற்கட்டை வாயால் சொல்லிச் சொல்லிப் பழகுகின்றான் அன்றோ? அங்ஙனமே 'டா டிட் டா டிட்' என்று வாயால் சொல்லியும் காதால் கேட்டும் அதனை ஒரே அசையாகப் பற்ற வேண்டும்.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இது புதிதன்று. கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் அளவாகக் கொண்டு மாத்திரை வகுத்தவர் நம் முன்னோர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது நம் கணக்கு. மோர்ஸின் கணக்கில் புள்ளிக்கு ஒன்று, கோட்டிற்கு மூன்று. ஓரெழுத்தின் உள்ளுறுப்புகளுக்கிடையே ஒரு மாத்திரை மௌனம். எழுத்திற்கும் எழுத்திற்கும் இடையே மூன்று. சொல்லிற்கும் சொல்லிற்கும் இடையே ஏழு. மௌனத்திற்கும் மாத்திரை கொடுத்தமையே அதன் சிறப்பு. தாளம் அறிந்தவர்க்கு அதன் அருமை விளங்கும். வேகத்தை அளக்கப் 'பாரிஸ்' என்னும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆங்கில எழுத்துக்களில் கொள்கின்றனர். அஃது இறுதி மௌனத்தோடு கூட்டச் சரியாக 50 மாத்திரை வரும். ஆகவே நிமிஷத்திற்கு 12 சொல் எனின் 600 மாத்திரை. ஒரு புள்ளிக்கு ஒரு விநாடியில் பத்திலொரு பங்கு. 5 சொல் எனின் 250 மாத்திரை. புள்ளிக்கு விநாடியில் 0.24 பங்கு. கணக்கு இவ்வளவே.

கணக்கு எளிதாயினும் ஆசிரியர்க்கு வேலை கடிது. முப்பது மாணவரை முன்னிருத்தி ஒருவர் சாவியைத் தட்டினால், விரைந்து பற்றுபவன் சலிப்படைகின்றான். மெல்லப் பற்றுபவன் கைவிடுகின்றான். இசைத்தட்டிலும், பின்னர் ஒலிநாடாவிலும் பாடங்களைப் பதிந்து விற்றனர். அவற்றின் குறை வேறு. மூன்று முறை கேட்டவுடன் மாணவனுக்கு அடுத்து வரும் எழுத்து எது என்பது மனப்பாடமாகிவிடும். அவன் காது கேட்பதை நிறுத்தி நினைவு எழுதத் தொடங்கிவிடும். தான் தேர்ந்துவிட்டதாக அவன் மகிழ்வான். புதிய செய்தி ஒன்றைக் கேட்டவுடன் திகைப்பான்.

ஜெர்மனியில் லுட்விக் கோஹ் என்னும் உளநூலார் 1930-களில் இதனை ஆராய்ந்து ஒரு முறை கண்டார். எழுத்துக்கள் அனைத்தையும் மெதுவாகக் கற்பித்துப் பின் வேகத்தைக் கூட்டுவது பழைய வழக்கம். அவர் அதனைத் தலைகீழாக்கினார். முதல் நாளிலிருந்தே முழு வேகம். ஆனால் இரண்டே எழுத்துக்கள். அவ்விரண்டையும் மாறி மாறிக் கேட்டு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிழையின்றி எழுதுவோனாயின் மூன்றாம் எழுத்து. மீண்டும் தொண்ணூறு எய்தினால் நான்காவது. மெதுவாகக் கேட்டுப் பழகி, பின் அப்பழக்கத்தை மறக்க வேண்டிய துன்பம் இதில் இல்லை. நன்முறைதான், ஆயினும் அது நெடுங்காலம் ஏட்டளவில் நின்றது. ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனியே, ஒழுங்கின்றிக் கலைத்த எழுத்துக்களைப் பிசகாத வேகத்தில் அடித்து, அவன் எழுதியதைத் திருத்தி, விழுக்காடு கணக்கிட்டு, அதன்பின் அடுத்த எழுத்தை அவிழ்க்கும் பொறுமை எந்த ஆசிரியர்க்கு உண்டு?

இங்கேதான் வீட்டுக் கணிப்பொறி வந்து புகுகின்றது. இங்கிலாந்தில் ஆக்கார்ன் கம்பெனியார் பி.பி.ஸி.க்காக 1981இல் ஒரு பொறி செய்தனர்; 1982இல் ஸிங்க்ளேர் என்பாரின் ஸ்பெக்ட்ரம் வெளிவந்தது; அமெரிக்காவில் அவ்வாண்டே கமடோர் 64 தோன்றியது. நினைவகம் சிறிது, திரை தொலைக்காட்சிப் பெட்டி, ஏடு ஒலிநாடா. இன்றைய சிறுவர் அவற்றைப் பொம்மை என்பர். ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றும் குறித்த காலத்திற்குக் குறித்த சுருதியில் ஒலிக்க வல்லது. பேஸிக் என்னும் எளிய மொழியில் ஸ்பெக்ட்ரமுக்கு 'பீப்' என்ற ஒரு கட்டளையும், விநாடிக் கணக்கும், சுருதி எண்ணும் கொடுத்தால் போதும். (ஒலிக்கும் பொழுது அது வேறொரு வேலையும் செய்யாது, அந்த ஒருமுகப்பாடு மாணவர்க்கும் வேண்டுவது.) முப்பது வரிகளுக்குள் ஒரு மோர்ஸ் ஆசான் எழுந்துவிடுகின்றான். மேல்நாட்டு வானொலி ஆர்வலர்கள் தத்தம் இதழ்களில் இத்தகைய நிரல்களை அச்சிட்டு வழங்கினர்; பிறர் அவற்றை வரி வரியாகத் தட்டிப் பயின்று அரசாங்கத் தேர்வுக்குச் சென்றனர்.

நம் நாட்டிற்கு அப்பொறிகள் வாரா மலில்லை. புனா நகரத்து டெஸிபெல்ஸ் கம்பெனியார் 1980-களில் ஸ்பெக்ட்ரமை உரிமம் பெற்று விற்றனர். மத்திய சர்க்கார் 1984இல் 'கிளாஸ்' என்ற சுருக்கப் பெயரால் ஒரு திட்டம் தொடங்கி, முதற்கண் 250 பள்ளிகளுக்கு பி.பி.ஸி. பொறிகளை வழங்கியது. அத்திட்டத்தைக் குறித்து எமது அபிப்பிராயத்தை மறைப்பதில் பயனில்லை. கணிப்பொறியைப் பற்றிய பாடம் நடந்தது. கணிப்பொறியைக் கொண்டு வேறொன்றைக் கற்கும் பாடம் போதிய அளவு நடக்கவில்லை. உறுப்புகளின் பெயரை உருப்போடுவதற்கு அவ்வளவு விலையுள்ள யந்திரம் எதற்கு? கரும்பலகையே போதுமே. அதே பொறியைச் செவிப்பயிற்சிக்கு அமர்த்தியிருந்தால், தந்தி நிலையங்களும் கப்பல்களும் மோர்ஸ் அறிந்தவரைத் தேடிக்கொண்டிருந்த அக்காலத்தில் எத்தனை இளைஞர் பிழைத்திருப்பர்!

ஈண்டு ஒரு சிறு நயம் சொல்லாமல் விட மனமில்லை. பி.பி.ஸி. பொறியின் ஒலிக் கட்டளை காலத்தை விநாடியில் இருபதிலொரு பங்காக அளக்கும். புள்ளிக்கு ஓர் அலகு வைத்தால் நிமிஷத்திற்கு 24 சொல். இரண்டு வைத்தால் 12. மூன்று வைத்தால் 8. நான்கு வைத்தால் 6. நம் நாட்டு அமெச்சூர் வானொலித் தேர்வில் முன்னர் மேல்வகுப்பிற்கு 12 சொல்லும் கீழ்வகுப்பிற்கு 5 சொல்லும் கேட்டனர். 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பொது வகுப்பிற்கு 8 சொல் என வைத்தனர். 12க்கும் 8க்கும் அப்பொறி பிசிறின்றிப் பொருந்துகின்றது. 5க்கு மட்டும் பொருந்தாது, 4.8 அலகு வேண்டும், அதனைப் பொறி ஏலாது. மெதுவாகக் கற்பவனுக்கு இடங்கொடாத பொறி என்று கோஹ் மகிழ்ந்திருப்பார்.

பொறி ஆசிரியர் ஆகுமா எனின், ஆகாது. நம் திண்ணைப் பள்ளிகளில் அண்ணாவியார்க்குக் கீழே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். கற்றதைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்கச் செய்வது அவன் கடமை. 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆந்திரு பெல் பாதிரியார் மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, அதனைச் 'சென்னை முறை' என்ற பெயரால் இங்கிலாந்திலும் பரப்பினார். பொறிக்கு நாம் கொடுக்கும் பதவி அதுவே. சினமில்லை, சலிப்பில்லை, மாணவனுக்கு வெட்கமும் இல்லை. நூறாம் முறை தவறினும் நூற்றொன்றாம் முறையை அதே குரலில் சொல்லும்.

அதன் குறையும் அக்குரலிலேயே உள்ளது. அது மிகச் சரியாக ஒலிக்கின்றது. மனிதர் அனுப்பும் மோர்ஸில் ஒவ்வொருவர்க்கும் ஒரு கைவாகு உண்டு. ஒருவர் கோட்டை நீட்டுவார், ஒருவர் இடைவெளியை விழுங்குவார். பழகிய தந்திக்காரர் பெயர் கேளாமலே ஆளை அறிவர். பொறியிடம் மட்டும் பயின்றவன், சொந்தக் கைவாகுடைய மனிதர் ஒருவர் அனுப்பத் தொடங்கியவுடன் தடுமாறுவான். ஆகவே எழுத்து முழுதும் வந்த பின்னர் மனிதர் வேண்டும். திண்ணையில் அமர்ந்துள்ள முதியோரை நாம் நினைவூட்டியது இதன் பொருட்டே. அனுப்பும் பயிற்சியிலோ பொறி வேறு வகையில் உதவும். சாவியை அதனோடு இணைத்து, மாணவன் தட்டுவதைப் பொறியே படிக்குமாறு செய்யலாம். ஆசிரியர் கருணையால் புரிந்துகொள்வதைப் பொறி புரிந்துகொள்ள மறுக்கும். திரையில் வரும் உளறலைக் கண்டு மாணவன் தன் இடைவெளியைத் திருத்திக்கொள்வான்.

இனி மறுப்புரைகள். கைப்பேசியில் இதற்கெனச் செயலிகள் இருக்கப் பழம்பொறி எதற்கு என்பர். அச்செயலிகளை நாம் பழிக்கவில்லை. கோஹ் முறையைத் தழுவியவையும் அவற்றுள் உள. ஆயினும் கைப்பேசி மோர்ஸையும் கற்பிக்கும், அடுத்த கணம் திரைப்படப் பாட்டையும் நீட்டும். அதுவன்றி, அதன் உள்ளே நடப்பது மாணவனுக்குத் தெரியாது. பழம்பொறியிலோ நிரலை அவனே தட்டுகின்றான். புள்ளியின் நீளத்தை அவனே எண்ணாக எழுதுகின்றான். எண்ணை மாற்றி ஓசை மாறுவதைக் கேட்கின்றான். பௌதிகமும் கணிதமும் தாளமும் ஒரே மணி நேரத்தில் அமைகின்றன. பழம்பொறி கிட்டாவிடின் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு மின்னணுப் பலகையில் ஓர் ஒலிவில்லையைப் பொருத்திக்கொள்ளலாம். எமக்குப் பொறியின் வயதில் மோகமில்லை. ஒலிக்க வேண்டும், கணக்கிட வேண்டும், வேறொன்றும் செய்யலாகாது, அவ்வளவே.

மோர்ஸே செத்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. கப்பல்கள் 1999இல் அதனைக் கைவிட்டன. அமெச்சூர் உரிமத்திற்கு அதனைக் கேட்டே தீர வேண்டும் என்ற உலகக் கட்டுப்பாடு 2003இல் நீங்கியது. இவை உண்மை. ஆயினும் குறுகிய அலைக்கற்றையில், சில வாட் சக்தியில், மாணவன் தானே பற்றவைத்த பத்துப் பதினைந்து உறுப்புகள் கொண்ட கருவியில், மனிதக் குரல் இரைச்சலில் மூழ்கும் இடத்தும் மோர்ஸ் ஓசை தப்பிச் செல்லும். குரலுக்கு வேண்டும் அலை அகலத்தில் மிகச் சிறு பங்கே அதற்குப் போதும். அதனால் கேட்பவன் இரைச்சலின் பெரும்பகுதியை வடிகட்டி விலக்கிவிடலாம்.

திருவானைக்காவலை நாம் குறித்ததற்கும் காரணமுண்டு. அப்புலிங்கம் எழுந்தருளிய அத்தலத்தில் நீரைப் பற்றி எவர்க்கும் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். வெளியுலகத் தொடர்புக்குப் பாலங்களே வழி. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி முதியோர் வாய்வழிக் கேட்டவர் இன்னும் உளர். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகிய பொழுது, திருவானைக்காவலுக்கும் நெ. 1 டோல்கேட்டுக்கும் இடையே நின்ற பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சில சரிந்தன. பக்கத்தே புதுப்பாலம் இருந்தமையால் போக்குவரத்துத் தப்பியது. அவ்வாண்டே நவம்பரில் கஜாப் புயல் தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளைத் தாக்கியது; மின்கம்பங்களோடு கைப்பேசிக் கோபுரங்களும் வாயடைத்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, வானொலிப் பயணமாக அங்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பினர். உறவினரைப் பற்றித் தகவலறியாது தவித்த பலர்க்கு ஆறுதல் அவர்கள் வழியே கிட்டியது. அவ்வேளை பெரும்பாலும் பயன்பட்டது குரலே, மோர்ஸன்று. அதனை மறைத்து வாதிடல் நேர்மையாகாது. எனினும் அவ்வேளையில் உதவியது, உரிமமும் கருவியும் பழக்கமும் முன்னரே கைவசம் இருந்தமையே. மோர்ஸ் பயிலப் புகுந்தவன் அம்மூன்றையும் தேடிப் பெறாமல் நில்லான். தேர்வு மோர்ஸைக் கேட்பினும் கேளாதொழியினும் நம் வாதம் மாறாது.

செலவைக் குறித்துத் தலைமையாசிரியர்களும் பொருளாளர்களும் அஞ்ச வேண்டுவதில்லை. நாற்பதாண்டு கடந்த பொறிகளில் மின்சாரம் பாய்ச்சுமுன் மின்வழங்கிப் பெட்டியைத் திறந்து, பழைய மின்தேக்கிகளை மாற்றுதல் வேண்டும். மாற்றாது இயக்கினால் பி.பி.ஸி. பொறி புகை கக்குவது பெயர்பெற்ற செய்தி. அது பௌதிக வகுப்பு மாணவர் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கும் வேலை. ஸ்பெக்ட்ரமின் விசைப்பலகைக்கு அடியிலுள்ள மென்தகடு வெடித்திருந்தால் புதியது வாங்கிப் பொருத்தலாம். திரை இன்றியமையாததன்று; கேட்கும் நேரத்தில் அணைத்து வைப்பதே நலம். சாவி மட்டும் நல்லதாக இருத்தல் வேண்டும். பித்தளையில் செய்த பழைய தபால் இலாகாச் சாவிகள் சில பழைய வீடுகளில் அலமாரியடியில் கிடத்தல் கூடும்; உடைமைக்காரர் உவந்து கொடுப்பின் பெற்று, முனைகளை மெல்லிய தாளால் தேய்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாணவர் போதும். வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்கு இருபது நிமிஷம். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் அமர்வதால் காது களைக்குமேயன்றித் தேறாது. எழுத்துக்கு இரண்டொரு நாளென்று கொண்டால் ஆடிப்பெருக்கு முடிந்து தொடங்கும் வகுப்பு மார்கழிக்குள் எழுத்தும் எண்ணும் முடித்துவிடும். தையிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் ஆற்றைக் கடந்து சென்று, சாவி பிடித்த முதியவர் எவரேனும் உடன்படுவராயின் அவர் திண்ணையில் அமர்ந்து, அவர் தட்ட மாணவர் எழுத வேண்டும். விருப்பமுடைய மாணவரும், பழைய பொறியோ சாவியோ வைத்திருக்கும் முன்னாள் மாணவரும் பௌதிகப் பகுதி ஆசிரியர்களிடம் பெயர் கொடுக்கலாம்.